அம்மம்மாட புளுகுகளைத் தேடி திருமலைக்கு

நாள் 1

கொழும்பு கோட்டையில திருகோணமலைக்குப் போற ராத்திரி மெயில் ஏறேக்கயே அம்மா போன் எடுத்திட்டா, சாப்பிட்டியோ, சுவெட்டர் எடுத்தியோ, கல்வெட்டு எழுதத் தொடங்கிட்டியோ எண்டு ஒரே மூச்சில. அம்மம்மா செத்து வாற ஞாயிறோட 31 நாள். அண்டைக்கு வாற ஆக்களுக்கு குடுக்க கல்வெட்டு அடிக்கோணும், அதை எழுதுற வேலை என்ர தலையில. நான் செய்யிறது கணக்கு வேலை, ஆனா பேஸ்புக்கில நாலு வரி எழுதினா எங்கட வீட்டில எழுத்தாளர் தான்.

கல்வெட்டு எண்டா கல்லில வெட்டுறது எண்டு நினைச்சிடாதேங்கோ. எங்கட பக்கம் செத்த ஆள்ட 31 க்கு அடிக்கிற சின்னப் புத்தகம். முன்னுக்கு படம், தேவாரம், பேந்து ஆள்ட வரலாறு, கடைசியில நன்றி நவிலல். எல்லாக் கல்வெட்டும் ஒரே ஆளைப் பற்றித்தான் எழுதியிருக்கும், பண்பின் சிகரம், பாசத்தின் ஊற்று, அதிர்ந்து பேசாதவர். எங்கட அம்மம்மா அதிர்ந்து கதைச்சா ஒழுங்கை முனையில கடை வைச்சிருக்கிற அண்ணைக்கு கேக்கும்.

அதோட இன்னொரு பிரச்சினை. அவட வரலாறு எண்டு எங்களுக்கு தெரிஞ்சது எல்லாம் அவ தன்ர வாயால சொன்னது, அம்மம்மா சொன்னதில பாதி புளுகு. எது பாதி எண்டு தான் ஒருத்தருக்கும் தெரியாது. ஜப்பான்காரன் குண்டு போட வரேக்க தனக்கு கை காட்டிட்டு போனவன், கடலுக்குள்ள சாமி தேடின வெள்ளைக்காரனுக்கு தான் தேத்தண்ணி குடுத்தவ, கன்னியா கிணத்தில முட்டை அவிச்சவ, ஆமிக்காரன் ஒருத்தன் தன்ர சீட்டில சேர்ந்தவன். நாங்கள் சின்னனா இருக்கேக்க ராத்திரி விறாந்தையில பாய் போட்டு படுத்தா இதுதான் எங்கட டீவி. போன்ல ஒரு நோட் ஓபன் பண்ணி எல்லாத்தையும் எழுதி வைச்சன், ஞாயிறுக்கு முன்னம் எத்தினை உண்மை எண்டு பாத்திட வேணும்.

கல்லோயாவில தான் மட்டக்களப்பு லைனும் திருமலை லைனும் பிரியுது, அந்த ஸ்டேசன்ல ரெயின் ஏன் அவ்வளவு நேரம் நிக்குது எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். அங்கால யானை கடக்கிற பக்கம், ஊர்ந்து ஊர்ந்து தான் போகும். கந்தளாய் வரேக்க விடியத் தொடங்கிட்டுது, தம்பலகாமம் வயல் முழுக்க புகார். சீனன்குடாவில முழிச்சுப் பாக்க காட்டுக்குள்ள எங்கயோ அந்த எண்ணெய்த் தாங்கிகள் இருக்கு எண்ட நினைப்பு, வெள்ளைக்காரன் நேவிக்கு எண்ணெய் வைக்க கட்டினது, நூறு அளவில இருக்கு. 1942 ஏப்ரல் 9 விடிய ஜப்பான் பிளேன் வந்து துறைமுகத்துக்கும் இந்த சீனன்குடாவுக்கும் தான் குண்டு போட்டது. அம்மம்மா பிறந்தது 1938. நாலு வயசுப் பிள்ளைக்கு பிளேன்ல இருந்து கை காட்டினவனாம். பிளேன் வந்தது உண்மை, கை காட்டினது புளுகு எண்டு நோட்டில போட்டன். பேந்து யோசிச்சன், நாலு வயசுப் பிள்ளை பிளேனைக் கண்டா என்ன செய்யும், அவ கை காட்டியிருப்பா. மிச்சத்தை வயசு போகப் போக அவனுக்கு எழுதியிருப்பா.

வீட்டுக்கு வர மாமா படலையிலயே நிண்டு கேட்டார், "எத்தினை பக்கம் வந்திருக்கு?"

நாள் 2

காலமை எழும்பினது மான் சத்தத்தில. தெரியாத ஆக்களுக்கு இது ஒரு புதினம், திருமலை டவுனுக்குள்ள புள்ளிமான் மாடு மாதிரித்தான் திரியும், பஸ் ஸ்டாண்டடி, கோட்டைக்குள்ள, கடற்கரை எல்லா இடமும். டூரிஸ்ட் படம் எடுக்கும், அது பிளாஸ்டிக் பேக்கை மெண்டு கொண்டு நிக்கும், பாக்க வயிறு எரியும். எங்கட படலைக்கு ஒரு பெட்டை மான் ஒவ்வொரு நாளும் வாறது, அம்மம்மா அதுக்கு வாழைப்பழத் தோலும் மரக்கறி வெட்டின மிச்சமும் வைப்பா. அந்த மானுக்கு அவ வைச்ச பேர் தன்ர மச்சாள்ட பேர். இருவது வருசமா அந்த மச்சாளோட கதை இல்லை, ஆனா விடிய விடிய படலையில நிண்டு "வந்திட்டியோடி, உனக்கு வெக்கமே இல்லையோ" எண்டு பேர் சொல்லி ஏசுவா, ஏசி ஏசித் தோலைப் போடுவா. மச்சாள் வீடு நாலு வீடு தள்ளி. அவவுக்கும் கேக்கும்.

இண்டைக்கு நான் தோல் வைச்சன். பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரேல்ல, அந்த மாமி செத்த வீட்டில எல்லாரையும் விட கூட அழுதவ.

பத்து மணிபோல கோணேசர் கோயிலுக்கு நடந்து போனன். கோட்டை வாசலால ஏறி, ஆமிக் காம்புக்கு நடுவில இருக்கிற ரோட்டால, மான் குட்டிகளைத் தாண்டி, கடலைக்காரி, மாலைக்கடை, செருப்பு கழட்டுற இடம். வெயிலுக்கு கால் பொரியும் (போறவை பின்னேரம் போங்கோ, நான் விசரி). உள்ள கும்பிட்டிட்டு இராவணன் வெட்டடிக்கு வந்து நிண்டன். கீழ பாத்தா கடல் கடும் நீலமா இருக்கு, மேல மரத்தில பிள்ளை வரம் கேட்டு கட்டின குட்டிக் குட்டித் தொட்டில்கள் காத்துக்கு ஆடுது.

இந்தக் கோயிலை 1622 ல போர்த்துக்கீசன் இடிச்சவன், அந்தக் கல்லை எடுத்து தான் கோட்டை கட்டினது எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது. ஆனா அம்மம்மா சொல்லேக்க அது தன்ர வளவுக் காணிப் பிரச்சினை மாதிரி இருக்கும், "எங்கட கல்லை எடுத்து எங்களுக்கே மதில் கட்டினவங்கள்" எண்டு. 1950 ல கிணறு ஒண்டு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் எண்டு பழைய செப்புச் சிலைகள் வந்தது. அவவுக்கு அப்ப 12 வயசு. ஊரே திரண்டு போய் பாத்ததில தானும் போய், தன்ர பாவாடைத் தலைப்பால பார்வதிட முகத்து மண்ணைத் துடைச்சவவாம். இதை மட்டும் அவ எப்பவும் மெல்லமாத்தான் சொல்லுவா. மற்றப் புளுகு எல்லாம் கை கால் ஆட்டிச் சொல்லுறவ, இதுக்கு மட்டும் குரல் இறங்கிடும். நோட்டில என்ன போடுறது எண்டு தெரியாம வெறுமனே விட்டுட்டன்.

தேத்தண்ணிக் கதை வேற மாதிரி. 1956 ல விஞ்ஞானக் கதை எழுதின ஆர்தர் சி. கிளார்க்கும் அவர்ட கூட்டாளி மைக் வில்சனும் இந்த மலைக்கு கீழ கடலுக்குள்ள இறங்கி இடிஞ்ச கோயில்ட தூண், கல்லெல்லாம் கண்டு பிடிச்சவை, லிங்கம் ஒண்டும் வெளியால வந்தது, பேந்து 63 ல கோயில் திரும்பக் கட்டி கும்பாபிஷேகம். அதுவரைக்கும் புத்தகத்தில இருக்கு. புத்தகத்தில இல்லாதது, ஈரத்தோட கரையேறின வெள்ளைக்காரனுக்கு 18 வயசு அம்மம்மா போத்தல்ல தேத்தண்ணி கொண்டு போய் குடுத்ததும், பனங்கட்டியைக் கடிச்சுக் கொண்டு குடிக்கச் சொல்ல அவன் ரெண்டையும் பாத்து முழிச்சதும். 18 வயசுப் பெட்டையை தனிய கடற்கரைக்கு தேத்தண்ணியோட விடுற வீடா அவட வீடு? அம்மாட்ட கேட்டன். "படலைக்கு வெளிய கால் வைச்சா காலை முறிச்சிருப்பார் எங்கட தாத்தா" எண்டா. சரி, புளுகு.

வரேக்க லவர்ஸ் லீப் பக்கம் ஒரு சோடி, கைட் ஒராள் அந்த ஒல்லாந்தப் பெட்டையிட கதையை அவைக்கு சொல்லிக் கொண்டு நிண்டார், காதலன் கப்பல்ல போனதைப் பாத்து மலையில இருந்து குதிச்ச கதை. அங்க இருக்கிற தூணில 1687 எண்டு இருக்கு. ஆனா அந்தப் பெட்டை சாகேல்ல, பேந்து எட்டு வருசத்தால கலியாணம் கட்டினதா ஒல்லாந்தர்ட ரெக்கோட்ஸ்ல இருக்காம். அம்மம்மாவுக்கு இது எப்பிடியோ தெரியும். "குதிச்சவளாம், போய் வேற ஒருத்தனைக் கட்டி நல்லா இருந்திருப்பாள், அதுதான் புத்தி" எண்டுவா. 41 வயசில தாலி அறுத்த மனுசி, திரும்ப ஒருத்தரையும் கட்டேல்ல, ஆனா அந்தப் பெட்டையிட பக்கம் தான் எப்பவும்.

நாள் 3

மழை. ஒண்டும் இல்லை. பிரஸ்ல போய் நிண்டு கதைச்சன், ஞாயிறு காலமை புத்தகம் வேணும் எண்டா நாளைக்கு ராத்திரிக்குள்ள மேட்டர் தரவேணுமாம். பழைய கல்வெட்டுகள் ஒரு கட்டு காட்டினார், "தங்கச்சி இதில ஒண்டைப் பாத்து பேரை மாத்துங்கோ, எல்லாரும் அப்பிடித்தான்" எண்டு. நல்ல மனுசன், பகிடிக்கு சொல்லேல்ல.

பின்னேரம் மாமாவோட சண்டை. 64 புயலைப் போட வேணாமாம். டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல், அதே புயல் தான் அங்கால போய் தனுஷ்கோடியைக் கொண்டு போனது. கூரை பறக்கேக்க அம்மம்மா ஒரு கையில கைக்குழந்தை மாமாவையும் மற்றக் கையில தையல் மெசினையும் பிடிச்சுக் கொண்டு கட்டிலுக்கு கீழ கிடந்தவ. மாமாவுக்கு கோவம், "என்னையும் மெசினையும் ஒண்டா எழுதாத" எண்டு. அம்மா குசினிக்குள்ள இருந்து, "ரெண்டில ஒண்டு தான் எண்டா அவ மெசினைத்தான் பிடிச்சிருப்பா" எண்டா.

நாள் 4

இண்டைக்கு எழுத கனக்க இருக்கு, கை நோகுது.

கிண்ணியாவுக்கு போனன். அம்மம்மாட சீட்டில நாப்பது வருசம் இருந்த ராத்தா (முஸ்லிம் ஆக்கள் அக்காவை அப்பிடித்தான் கூப்பிடுவினம்) ஒராள் அங்க இருக்கிறா, செத்த வீட்டுக்கும் வந்தவ, ஆனா அப்ப கதைக்க நேரமில்லை. பஸ் இப்ப பாலத்தால ஒரே ஓட்டம், 396 மீட்டர் நீளம், இலங்கையில நீளமான பாலம் எண்டு திறக்கேக்க சொன்னவை, 2009 ல. அதுக்கு முன்னம் பாதை. மற்ற ஊர் ஆக்களுக்கு பாதை எண்டா ரோட்டு, எங்களுக்கு பாதை எண்டா தண்ணியில மிதக்கிற தட்டு, பஸ், லொறி, மாடு, சனம் எல்லாத்தையும் ஏத்திக் கொண்டு மெல்ல மெல்ல அங்கால போறது. அது இந்தக் கரையில இருந்தா நாங்கள் அந்தக் கரையில இருப்பம், எப்பவும் அப்பிடித்தான்.

ராத்தா தயிர் வித்தவ. சின்ன வயசில சட்டி சட்டியா தயிர் தூக்கிக் கொண்டு பாதையால டவுனுக்கு வாறது, எங்கட வீட்டில ஒரு சட்டி, அப்பிடித்தான் பழக்கம். "வாங்க மகள், இரிங்க" எண்டு கூப்பிட்டு, முகத்தைப் பாத்து, "அவட மூக்கு" எண்டு மட்டும் சொன்னா. பேந்து ஒரு தட்டு நிறைய தயிரும் பனங்கட்டியும். முடிச்சாத்தான் கதை.

சீட்டு எப்பிடி எண்டு சொன்னாத்தான் மிச்சம் விளங்கும். 12 பொம்பிளையள், ஒவ்வொரு மாசமும் ஒவ்வொருத்தரும் ஒரே தொகை கட்டுறது, அந்த மாசக் காசு முழுக்க ஒராளுக்கு. யாருக்கு எந்த மாசம் எண்டு பேர் எழுதி குலுக்கிப் போட்டு எடுக்கிறது. முதலாம் மாசம் மட்டும் குலுக்கல் இல்லை, அது சீட்டுப் பிடிக்கிற ஆளுக்கு. கடுதாசி இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு கொப்பியும் வாய்ச்சொல்லும் தான். அம்மம்மாட சீட்டில டவுன் ஆக்கள், கிண்ணியா ஆக்கள், நேவி குவாட்டர்ஸ்ல இருந்த ஒரு சிங்கள நோனா எல்லாரும் இருந்தவை. தையல் மெசினும் சீட்டும், இந்த ரெண்டிலயும் தான் அம்மாவும் மாமாவும் படிச்சது.

இப்ப ஆமிக்காரன் கதைக்கு வாறன். தொண்ணூறுகள்ல பாதைக்கு ஏற முன்னம் செக் பொயின்ட். அம்மம்மாட பேக்குக்குள்ள கொப்பி. கொப்பிக்குள்ள என்ன, ஒரு பக்கம் முழுக்க பேர், பேருக்கு நேர நம்பர். அதுவும் சொந்தப் பேர் இல்லை, அவ எல்லாருக்கும் பட்டப்பேர் தான் வைப்பா, தயிர், கிளி, புட்டு, ரெண்டுமாடி, பல்லு. அந்தக் காலத்தில ஆமிக்காரன் ஒருத்தன் இதைக் கண்டா என்ன நினைப்பான் எண்டு யோசியுங்கோ. இவவை ஒரு பக்கமா கதிரையில இருத்திப் போட்டாங்களாம். ராத்தா பக்கத்தில நிண்டு நடுங்கிக் கொண்டு ஓதுறா. பொடியன் ஒருத்தன், இருவது வயசும் இருக்காது, "மே மொகத?" (இது என்ன?) எண்டு கேக்க அம்மம்மா "சீட்டு" எண்டிருக்கிறா.

சிங்களத்திலயும் அது சீட்டு தான்.

பொடியன் சிரிச்சிட்டானாம். அவன்ட அம்மாவும் ஊரில சீட்டுப் பிடிக்கிறவவாம். கொப்பியை திருப்பித் தரேக்க அம்மம்மா சும்மா வந்திருக்கலாம் தானே, வரேல்ல. மாசம் ஐநூறு தான், நீயும் சேர் எண்டு தனக்குத் தெரிஞ்ச நாலு சிங்களச் சொல்லில கேட்டிருக்கிறா. ராத்தா சொல்லேக்க தலையில கை வைச்சுக் காட்டினா, "நான் நெனச்சன் இண்டைக்கு ரெண்டு பேருக்கும் மௌத்து தான் எண்டு." ஒரு நோனா அந்த வருசம் இடையில விலகினவ, அந்த இடத்துக்கு ஆளில்லை, அம்மம்மாவுக்கு அதுதான் தலைக்குள்ள.

அவன் சேர்ந்தவன். ரெண்டு மாசம் பாதையடியில வைச்சு ஐநூறு ஐநூறா குடுத்தவன். மூண்டாம் மாசம் போனா ஆளை வேற இடத்துக்கு மாத்திட்டினம். பேர் தெரியாது, ஊர் தெரியாது. மற்ற ஆமிக்காரங்களைக் கேக்கப் பயம், கேட்டா அவனுக்கு என்ன நடக்குமோ.

நான் வாயைத் திறந்து கொண்டு இருந்தன். எங்கட வீட்டில நாங்கள் எல்லாரும் இல்லவே இல்லை எண்டு சிரிச்ச புளுகு இது. ராத்தா உள்ள போய் ஒரு கொப்பி கொண்டு வந்தா, சதுரறூள் கொப்பி, மட்டையில அம்மம்மாட கையெழுத்து, இந்த வருசத்துச் சீட்டு. ஆஸ்பத்திரிக்கு போக முன்னம் இவட கையில குடுத்து விட்டவவாம். முதல் பக்கத்தில 12 பட்டப்பேர். ஆகக் கீழ ஒரு கோடு கீறி, கோட்டுக்கு கீழ, "ஆமி 1000 குடுக்கோணும்."

ஒவ்வொரு வருசமும் புதுக் கொப்பிக்கு அந்த வரியை எடுத்து எழுதியிருக்கிறா. 2004 சுனாமியில எங்கட வீட்டுக்குள்ளயும் கடல் வந்தது, பழைய கொப்பியெல்லாம் கூழ். ராத்தாட ஆக்களுக்கு வீடே இல்லை. ஆர் எத்தினை கட்டினது, ஆருக்கு எத்தினை பாக்கி எண்டு அம்மம்மா ஞாபகத்தில இருந்து திரும்ப எழுதினவ, வீடு போன ஆக்களுக்கு முதல்ல சீட்டு எண்டு வரிசையை மாத்தினவ, அதால டவுன்ல ரெண்டு பேரோட பெரிய சண்டை. அதில ஒராள் தான் அந்த மச்சாள். ஓ, இருவது வருசக் கோவம் இது தானா எண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்கினது. அந்த ஞாபகக் கணக்கிலயும் கோட்டுக்கு கீழ ஆமி 1000 இருந்ததாம்.

நான் கண்ணைத் துடைக்க, ராத்தா விட்டா தானே. "ஆனா ஒண்டு மகள், சுனாமிக்குப் பொறகு எழுதின கணக்கில அவ ஒரு மாசம் கட்டாமலே கட்டின எண்டு எழுதினவ. எனக்கு தெரியும். நான் ஒண்டும் செல்லல்ல."

பேந்து கடைசியா விசயத்துக்கு வந்தா. இந்த வருசம் மாசம் 5,000 படி 12 பேர், 60,000. முதலாம் மாசச் சீட்டு வழக்கம் போல அம்மம்மா எடுத்திட்டா. எடுத்து அஞ்சு மாசம் கட்டினவ. மிச்சம் ஏழு மாசம்.

"அப்ப ராத்தா..."

"முப்பத்தஞ்சு" எண்டா, தயிர்த் தட்டை எடுத்துக் கொண்டு.

ராத்திரி பிரஸ்ஸுக்கு மேட்டர் அனுப்பினன். "அன்னார் திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர்" எண்டு தொடங்கி மாமாவுக்குப் பிடிச்ச மாதிரி ரெண்டு பக்கம். செக் பொயின்ட் கதையை நாலு தரம் எழுதி நாலு தரம் அழிச்சன், அந்த மொழியில அது நிக்குதில்லை. மெசினை மட்டும் விட்டுக் குடுக்கேல்ல. "தையற்கலையில் வல்லவர்" எண்டு போட்டிருக்கு.

நாள் 5

விடிய ஐயர் சொன்ன கிரியை எல்லாம் மாமா செய்து முடிய, வான் பிடிச்சு எல்லாரும் கன்னியாவுக்கு போய் தலை முழுகினம். இராவணன் தன்ர தாய்க்கு கடன் கழிக்க தண்ணி இல்லாம நிலத்தில குத்தின இடம் தான் இந்த வெந்நீர்க் கிணறுகள் எண்டு கதை, அதால எங்கட பக்கம் செத்த ஆக்கள்ட கடமைக்கு கன்னியாவுக்கு வாறது தொட்டு வாற பழக்கம். ஏழு கிணறு, சின்னன் சின்னனா சதுரமா, எட்டிப் பாத்தா அடி தெரியும். இறங்கிக் குளிக்கிறது இல்லை, வாளியால அள்ளி ஊத்துறது. பக்கத்தில பக்கத்தில இருந்தும் ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, ஒண்டில சுகமா இருக்கும், அடுத்ததில முதல் வாளிக்கு ஐயோ எண்டு கத்த வேண்டி வரும்.

நான் ஒவ்வொண்டிலயும் கை வைச்சுப் பாத்தன். 40 பாகைக்கு அங்க இங்க தான் இருக்கும், முட்டை அவியாது. அம்மா பக்கத்தில வந்து மெல்லமா, "என்ன முட்டைக் கதையோ?" எண்டா. ஓம் எண்டன். "அது அவிச்ச முட்டை. வீட்டில அவிச்சு மடியில கட்டிக் கொண்டு வந்து, எங்களைத் திரும்பி நிக்கச் சொல்லிப் போட்டு கிணத்துக்குள்ள விட்டு எடுத்தவ. எனக்கு பத்து வயசிலயே தெரியும்." இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்ல எண்டு கேக்க, தலையில ஒரு வாளி தண்ணியை ஊத்தி விட்டா.

மத்தியானம் மரக்கறிச் சாப்பாடு, கல்வெட்டு குடுத்தது, மச்சாள் மாமி வந்து ஒரு மூலையில இருந்து அதை எழுத்துக் கூட்டி வாசிச்சா. "அதிர்ந்து பேசாதவர்" எண்ட இடத்தில (அது மாமா பிரஸ்ஸுக்கு போன் பண்ணிச் சேர்த்தது) சத்தமா சிரிச்சிட்டா, எல்லாரும் திரும்பிப் பாத்தினம். நான் மானைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல.

முப்பத்தஞ்சாயிரத்துக்கு மாமா துள்ளினார், எழுத்து இல்லாத கடன், ஆர் கேக்கப் போறது எண்டு. அம்மா ஒண்டும் கதைக்கேல்ல, என்ர பேக்குக்குள்ள கொப்பியைக் கண்டவ. கடைசியில மாசம் மாசம் நான் கட்டுறது எண்டு முடிவு.

இப்ப ரெயின்ல இருந்து தான் எழுதுறன். ராத்தா வொயிஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறா, "மகள், அஞ்சாம் தேதி, மறந்திடாதீங்க, அடுத்த வருசச் சீட்டு நீங்க தான் பிடிக்கணும் எண்டு எல்லாரும் செல்றாங்க." ஸ்டேசன் கடையில ஒரு சதுரறூள் கொப்பி வாங்கினன். முதல் பக்கத்தில 12 பேரையும் எழுதி, கோடு கீறி, கோட்டுக்கு கீழ அந்த ஆயிரத்தையும் எழுதினன். அவனுக்கும் இப்ப ஐம்பது வயசு வந்திருக்கும்.

அம்மா இப்பத்தான் திரும்ப எடுத்தவ. முதலாம் மாசம் எடுத்த அறுபதாயிரம் எங்க எண்டு தேடுறாவாம். அலுமாரியில சீலைக்கு அடியில இல்லை, மெசின் லாச்சிக்குள்ள இல்லை, அரிசி வாளிக்குள்ள கையை விட்டுப் பாத்தாச்சு. "பிள்ளை, அந்தப் படலையடி மண்ணைக் கிண்டிப் பாப்பமோ?" எண்டு கேட்டுக் கொண்டு இருக்கேக்க கல்லோயாவில சிக்னல் போயிட்டுது.